மீனு அக்காவுக்கும் ஒரு தோசை

தூக்கத்தில் குழந்தை சிரித்தால், "சாமி பூ காட்டுது" என்பார்கள். உதட்டைப் பிதுக்கி அழுதால், "நரி விரட்டுது" என்பார்கள். அந்தப் பூவையும் நரியையும் நாம் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் எந்தப் பாட்டியும் அதை மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. தொட்டிலில் கிடக்கும் வரைக்கும் குழந்தை எதைப் பார்த்துச் சிரித்தாலும் நமக்குச் சம்மதம்தான். அதே குழந்தை எழுந்து நடந்து, வாய் திறந்து, "அங்க ஒரு அக்கா நிக்கிறா" என்று சொன்னால்தான் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் வீட்டுக்கு அப்படி வந்தவள் மீனு அக்கா.

நாங்கள் மதுரையில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்தவள் என் மகள். ஒரே பிள்ளை. அவளுக்கு மூன்றரை வயது நடக்கும்போது ஒருநாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "மீனு அக்காவுக்கும் ஒண்ணு" என்றாள். பொம்மைக்குப் பேர் வைத்திருக்கிறாள் என்று நினைத்து, ஒரு குட்டித் தோசை ஊற்றி வைத்தேன். பொம்மையைக் காணோம். காலியாகக் கிடந்த பலகைக்கு முன்னால் தட்டைத் தள்ளிவைத்தாள். "அவ மெதுவாத்தான் சாப்பிடுவா. நீ பாக்காத" என்றாள்.

அன்றிலிருந்து மீனு அக்கா எங்களோடுதான் இருந்தாள். வண்டியில் போகும்போது, "தள்ளி உக்காரும்மா, மீனு அக்கா விழுந்துருவா" என்பாள். ஆட்டோவில் ஏறினால், அவளும் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டும். ஆட்டோக்காரர் ஒருவர், "இன்னும் யாரும்மா வரணும்?" என்று கேட்டு, நான் விழித்து, கடைசியில் "வந்துட்டாங்கண்ணே, போங்க" என்று சொன்னதும் உண்டு. லிஃப்ட் என்றால் மீனு அக்காவுக்குப் பயம். பாகற்காய் அவளுக்கு உயிர். என் மகளுக்கு ஆகாத காயை மீனு அக்கா ஆசையாகச் சாப்பிடுகிறாள் என்றால், அது யாருடைய தந்திரம் என்று எனக்குப் புரியாமல் இல்லை.

ஒரு விஷயம்தான் வேடிக்கையாக இருந்தது. மீனு அக்கா எப்போதும் என் மகள் சொன்னபடி கேட்பதில்லை. "இன்னைக்கு விளையாட வர மாட்டேங்குறா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாள். "நீதானே அவளை நினைச்சுக்கிற? வரச் சொல்லேன்" என்பேன். "சொன்னா கேக்கணும்ல!" என்பாள்.

அப்பத்தா வந்த அன்று

மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் மாமியார் வந்து பத்து நாள் தங்கினார். எழுபது வயதைத் தாண்டியவர். அதிகம் பேச மாட்டார். பேத்தி என்றால் மட்டும் வாய் ஓயாது. மீனு அக்கா கதையை முதலில் அவரும் ரசித்தார். "அவளுக்கும் சேத்துத்தான் முறுக்கு சுட்டுக் கொண்டாந்தேன்" என்றார்.

மூன்றாம் நாள் சாயங்காலம். முறுக்கை வாங்க என் மகள் இடது கையை நீட்டினாள். மாமியார் புறங்கையில் லேசாக ஒரு தட்டுத் தட்டி, "அந்தக் கையில வாங்கக் கூடாதுத்தா" என்றார். நம் வீடுகளில் தினமும் நடப்பதுதான். என் மகள் கையை மாற்றி வாங்கிக்கொண்டாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்:

"மீனு அக்கா இந்தக் கையிலதான் சாப்பிடுவா. அவளக் கரண்டியால அடிக்காத அப்பத்தா."

மாமியார் கையிலிருந்த முறுக்கு டப்பா நழுவியது. நான் குனிந்து பொறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது அவர் அங்கே இல்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "தலை சுத்துது" என்றார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மகள் தூங்கிய பிறகு அடுப்படியில் என்னோடு உட்கார்ந்து சொன்னார். என் கணவருக்கு முன் அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. பெயர் மீனாட்சி. மீனா என்று கூப்பிடுவார்கள். எதற்கும் இடது கைதான் முதலில் வரும். நாலு பேர் முன்னால் இடது கையால் சோற்றைப் பிசைகிறாளே என்று மாமியாருடைய மாமியார் சாடை பேசுவாராம். அந்த ஆத்திரத்தில் இவர் கரண்டிக் காம்பால் பிள்ளையின் புறங்கையில் அடிப்பாராம்.

"அடி வாங்குனா அழுக மாட்டாத்தா. கையப் பின்னால ஒளிச்சு வச்சுக்கிட்டு என்னையவே பாப்பா" என்றார்.

1979-ல், ஆறு வயதில், மணல்வாரி அம்மை போட்டது. வேப்பிலை கட்டி வீட்டோடு வைத்திருந்தார்கள். அம்மை இறங்கும் நேரத்தில் மூச்சுத் திணறல் வந்தது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்று அந்த அம்மைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஓர் ஊசி, ஒன்றே கால் வயதுக்கு மேல் இன்னோர் ஊசி என்று அரசே இலவசமாகப் போடுகிறது. அந்தத் தடுப்பூசி நாடு தழுவிய திட்டத்தில் சேர்ந்ததே 1985-ல்தான்.

அவள் போய் இரண்டு வருஷம் கழித்து என் கணவர் பிறந்தார். 'நமக்கு முன்னாடி ஒரு அக்கா இருந்து இறந்துவிட்டாள்' என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். பெயர்கூடத் தெரியாது. ஒரு போட்டோ இல்லை. நாற்பத்து சொச்சம் வருஷமாக அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை.

"யாருக்கும் தெரியாதுத்தா. கரண்டியில அடிச்சது உங்க மாமாவுக்கும் எனக்கும்தான் தெரியும். அவரும் போய்ச் சேந்துட்டாரு. இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை.

கோடாங்கியா, டாக்டரா?

மறுநாள் வீடு இரண்டாகப் பிரிந்தது. ஊருக்குப் போய்க் கோடாங்கியிடம் குறி கேட்க வேண்டும், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றார் மாமியார். என் கணவருக்கோ கோபம். தன் தாய் இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்கிற கோபமா, மகளைப் பேய் கதையில் இழுக்கிறார்களே என்கிற கோபமா, இரண்டையும் பிரிக்க முடியவில்லை. "மதுரையில கல்லை எறிஞ்சா ஒரு மீனாட்சி மேலதான் விழும். இதுக்குப் போயி..." என்று கத்தினார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நானும் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீனா, மீனு, மீனாட்சி எல்லாம் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு. மகள் போகும் ப்ளே ஸ்கூலில் விசாரித்தேன். மீனா என்று யாரும் இல்லை. ஆனால் இடது கையால் சாப்பிடும் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. ஆக, இடது கை அங்கிருந்து வந்திருக்கலாம். 'அடிக்காத' என்ற சொல், அப்போதுதான் புறங்கையில் வாங்கிய தட்டிலிருந்து வந்திருக்கலாம். மிச்சம் இருந்தது கரண்டி மட்டும். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கரண்டியால் அடித்ததில்லை. அதையும் எந்தக் கார்ட்டூனிலாவது பார்த்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'லாம்' இருந்தது. எல்லா 'லாம்'களையும் சேர்த்துக் கட்டியபோதும் மாமியாரின் முகம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பிறந்ததிலிருந்து மகளைப் பார்க்கும் குழந்தைகள் நல மருத்துவரிடம் போனோம். அவர் பதறவில்லை. நாலு கேள்விதான் கேட்டார். நன்றாகத் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா? மற்றக் குழந்தைகளோடு விளையாடுகிறாளா? அந்த அக்காவைக் கண்டு பயப்படுகிறாளா? தன்னையோ பிறரையோ காயப்படுத்தும்படி அந்த அக்கா சொல்வதாகச் சொல்கிறாளா? முதல் இரண்டுக்கு ஆமாம், கடைசி இரண்டுக்கு இல்லை. "அப்ப அந்த அக்கா இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்தார்.

உலகம் முழுக்க மீனு அக்காக்கள்

வீட்டுக்கு வந்ததும் நான் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஜரி டெய்லர் என்ற உளவியல் பேராசிரியர் இதற்காகவே பல வருஷங்களைச் செலவிட்டிருக்கிறார். 1999-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார். அவரும் ஸ்டெஃபனி கார்ல்சன் முதலியோரும் சேர்ந்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அதில் பங்கெடுத்த குழந்தைகளில் 65 சதவீதம் பேருக்கு ஏழு வயதுக்குள் ஏதோ ஒரு கற்பனைத் தோழனோ தோழியோ இருந்திருக்கிறார்கள். உயிருள்ளதுபோல் நடத்தும் பொம்மைகளையும் சேர்த்த கணக்கு இது.

முன்காலத்தில் இதைத் தனிமையின் அடையாளம், கோளாறின் தொடக்கம் என்று நினைத்தவர்கள் உண்டு. இப்போது அப்படிப் பார்ப்பதில்லை. தலைப்பிள்ளைகளுக்கும் ஒற்றைப் பிள்ளைகளுக்கும் இது சற்று அதிகம். நியூசிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில், இப்படித் தோழமை உள்ள ஐந்தரை வயதுக் குழந்தைகள் மற்றவர்களைவிடச் செறிவாகக் கதை சொன்னார்கள். சொன்ன பேச்சைக் கேட்காமல் அடம்பிடிக்கும் கற்பனைத் தோழர்களும் நிறைய உண்டாம். எழுத்தாளர்கள், "என் பாத்திரம் நான் நினைத்தபடி நடக்க மறுக்கிறது" என்று சொல்வதில்லையா? டெய்லர் அதையும் விடாமல், ஐம்பது எழுத்தாளர்களிடம் கேட்டிருக்கிறார். பெரும்பாலோர் 'ஆமாம், எங்களுக்கும் அப்படித்தான்' என்றார்களாம். ஓவியர் ஃப்ரீடா காலோ ஆறு வயதில் தனக்கிருந்த கற்பனைத் தோழியைப் பற்றி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1939-ல் வரைந்த 'இரண்டு ஃப்ரீடாக்கள்' ஓவியத்தின் மூலத்தை அந்தத் தோழியோடுதான் சேர்த்துச் சொல்கிறார்.

நமக்கும் இது புதிதல்ல. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. குழந்தையோடு விளையாட வானத்து நிலாவைக் கூப்பிடுவார்கள். வராவிட்டால் மிரட்டவும் செய்வார்கள். குமரகுருபரர் எங்கள் ஊர் மீனாட்சிக்கே பிள்ளைத்தமிழ் பாடி, அவளோடு விளையாட நிலாவை அழைத்திருக்கிறார். விளையாட்டுத் துணை கண்ணெதிரே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் நம் முன்னோர்க்கு இல்லை.

கேள்வி கேட்பதில் உள்ள ஆபத்து

மாமியாரின் பக்கத்துக்கும் ஆய்வு இல்லாமல் இல்லை. முன்பிறவி ஞாபகம் இருப்பதாகச் சொல்லும் குழந்தைகளைத் தேடி, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் 1961-ல் இந்தியாவுக்கே வந்தார். பெங்களூரு நிம்ஹான்ஸைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்திருக்கிறார். இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் பேச ஆரம்பித்து, பள்ளிக்கூடம் போகும் வயதில் மறந்துவிடுகிறார்கள் என்று அவர்கள் பதிவு செய்தார்கள். மீனு அக்காக்களின் வயதும் கிட்டத்தட்ட இதேதான். மறுபிறவியை நம்பும் வீட்டில் பெரியவர்கள் கேட்கும் கேள்விகளே குழந்தையின் பதிலை உருவாக்கிவிடுகின்றன என்பது ஸ்டீவன்சனை மறுப்பவர்களின் வாதம்.

இந்த வாதம் எவ்வளவு கனமானது என்பதை 1995-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் செசியும் மிஷேல் லைக்ட்மனும் செய்தது. சாம் ஸ்டோன் என்று ஒருவர் மழலையர் பள்ளிக்கு வந்து, இரண்டு நிமிடம் சும்மா இருந்துவிட்டுப் போகிறார். சில குழந்தைகளிடம் அவர் வருவதற்கு முன்பே, 'சாம் ஸ்டோன் எதையாவது உடைத்துக்கொண்டே இருப்பார்' என்று கதை சொல்லி வைத்திருந்தார்கள். வந்து போன பிறகு பல வாரங்கள், 'புத்தகத்தைக் கிழித்தபோது அவர் கோபமாக இருந்தாரா?' என்பதுபோலக் கேட்டார்கள். கடைசியில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளில் பலர், அவர் புத்தகத்தைக் கிழித்தார், பொம்மையை அழுக்காக்கினார் என்றே சொன்னார்கள். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் அவர்கள் சொல்லவில்லை. பெரியவர்கள் கேட்கும்போது இருக்கத்தானே வேண்டும் என்று சொன்னார்கள்.

இதைப் படித்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். மாமியாரிடம் சொன்னேன்: "அத்தை, நீங்க சாமி கும்பிடுங்க. எப்படிக் கும்பிடணுமோ அப்படிக் கும்பிடுங்க. நானும் கூட நிக்கிறேன். ஆனா பாப்பாவ உக்கார வச்சு, மீனு அக்கா என்ன சொல்றா, எங்க இருக்கா, கோவமா இருக்காளான்னு மட்டும் யாரும் கேக்க வேண்டாம். நீங்களும் வேண்டாம், கோடாங்கியும் வேண்டாம்."

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, "அவ கோவமா இருக்காளான்னுதாத்தா நான் கேக்கணும்" என்றார். அது பேத்தியிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை என்பது சொல்லும்போதே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, கேக்கல" என்றார்.

பச்சைப் பாவாடை

தென்மாவட்டங்களில் பல குடும்பங்களில் வீட்டுக் கன்னி கும்பிடும் வழக்கம் உண்டு. சிறு வயதில், கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்பிள்ளையை வீட்டுச்சாமியாக நினைத்து, புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். என் மாமியார் வீட்டிலும் அந்த வழக்கம் இருந்தும், மீனாவுக்கு மட்டும் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. "எந்த முகத்தோட கும்பிடுறது?" என்றார்.

அந்தத் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அளவான பச்சைப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு, மல்லிகைப்பூ எல்லாவற்றையும் மாமியாரே கடை கடையாக ஏறி வாங்கினார். வாழை இலையில் சர்க்கரைப் பொங்கலும் முறுக்கும் வைத்தார். விளக்கேற்றிவிட்டு, நாற்பது வருஷத்துக்கு மேல் வாயில் வராத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "மீனா... எந்தக் கையில வேணும்னாலும் சாப்பிடுத்தா" என்றார். அவ்வளவுதான். அவருக்கு வேறு மந்திரம் தெரியாது.

என் கணவர் தூணோரம் நின்றிருந்தார். 'பேய் கதை' என்று கத்தியவர். அம்மா அழுது முடிக்கும்வரை காத்திருந்து, பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அக்கா எப்படிம்மா இருப்பா?" என்று கேட்டார். அன்று மதியம் முழுக்க அந்தத் திண்ணையில் மாமியார் பேசிக்கொண்டே இருந்தார். மீனாவுக்குக் கன்னத்தில் மச்சம். ஆட்டுக்குட்டி என்றால் உயிர். மழை பெய்தால் பள்ளிக்கூடம் போக மாட்டாள். ஒரு போட்டோகூட இல்லாத பெண், மகனின் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக உருவம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

என் மகள் இதில் எதையும் கவனிக்கவில்லை. பொங்கலைத் தின்றுவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு நொண்டி விளையாடப் போய்விட்டாள். மீனு அக்காவும் அவளோடு போனதாகத்தான் சொன்னாள்.

படையல் போட்டதும் மீனு அக்கா மறைந்துவிட்டாள் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. இன்னும் எட்டு மாதம் எங்களோடு வண்டியில் வந்தாள், பாகற்காய் சாப்பிட்டாள், லிஃப்டுக்குப் பயந்தாள். மகள் எல்.கே.ஜி. சேர்ந்து, உண்மையான தோழிகள் இரண்டு பேர் கிடைத்த பிறகு மெல்லக் குறைந்தாள். ஒருநாள் நானாகவே குட்டித் தோசையை ஊற்றி வைத்தபோது, "அது யாருக்கும்மா?" என்று கேட்டாள். எனக்குத்தான் கொஞ்சம் வலித்தது.

மீனு அக்கா யார்? தனியாக வளரும் குழந்தை தனக்குத் தானே உண்டாக்கிக்கொண்ட துணை என்று நான் நினைக்கிறேன். வந்து மன்னித்துவிட்டுப் போன மகள் என்று மாமியார் நினைக்கிறார். இரண்டு பேரும் இதைப் பற்றி வாதம் செய்வதில்லை. அவள் யாராக இருந்தாலும், எங்கள் வீட்டில் பூட்டிக் கிடந்த ஒரு கதவு அவள் பெயரைச் சொல்லித்தான் திறந்தது.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு விருந்தாளி வரலாம். வந்தால், "பொய் சொல்லாதே" என்று விரட்டாதீர்கள். தோண்டித் துருவி விசாரிக்கவும் வேண்டாம். குழந்தை சொல்கிற அளவுக்கு மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை பயந்தால், தூக்கம் கெட்டால், மற்றப் பிள்ளைகளிடமிருந்து ஒதுங்கினால், அந்தத் தோழர் ஆபத்தானதைச் செய்யச் சொல்வதாகச் சொன்னால், தயங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி, ஒரு குட்டித் தோசை கூட ஊற்றினால் மாவு தீர்ந்துவிடாது.

போன மாதம் மாமியார் மறுபடி வந்திருந்தார். கீழ்வீட்டுப் பையன் எங்கள் வீட்டில் உட்கார்ந்து இடது கையால் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மா சங்கடத்தோடு, "டேய், கையை மாத்து" என்று அதட்டினார்.

"விடுத்தா" என்றார் மாமியார். "எந்தக் கையில தின்னாலும் வயித்துக்குத்தானே போகுது." இட்லிச் சட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து, அவனுடைய இடது கைப் பக்கமாகவே தட்டில் வைத்தார்.